கண்ணுக்கு ஸ்கேன் எடுத்தால் பார்வை போய்விடுமா?

பலாப்பழத்தை வெட்டாமலே அது பழுத்ததா, காயா என்று சொல்லிவிடும் மனிதர்கள் பண்ருட்டிப் பக்கம் நிறைய உண்டு. விரலை மடக்கி 'டொக் டொக்' என்று தட்டுவார்கள். காது கொடுத்துக் கேட்பார்கள். "இது ஆயிற்று. அது இன்னும் இரண்டு நாள் போக வேண்டும்" என்பார்கள். அறுத்துப் பார்த்தால் சொன்னது சரியாக இருக்கும்.

தட்டியதால் பழம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னது உண்டா? கிடையாது.

கண்ணுக்கு எடுக்கும் ஒலி ஸ்கேனும் ஏறக்குறைய இதே வித்தைதான். ஒலியை உள்ளே அனுப்புகிறார்கள். அது பட்டுத் திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு, உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். கத்தி இல்லை; ஊசி இல்லை.

ஆனாலும், "ஸ்கேன்" என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கை கால் உதறுகிறது. அண்ணாகிராமம் வட்டாரமானாலும் சரி, சிதம்பரம் பக்கமானாலும் சரி, பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது.

"அத்தை, ஆபரேஷனுக்கு முன்னாலே கண்ணை ஸ்கேன் பண்ணணுமாம். நாளைக்குப் போய் வந்துடலாம்."

"வேணாம்டி அம்மா. கண்ணுக்குள்ளே ஏதோ கதிர் விடறாங்களாம். இருக்கிற அரைப் பார்வையும் போயிட்டா என்ன பண்றது? நான் இப்படியே காலத்தை ஓட்டிடறேன்."

அத்தை ஓட்டுகிறார். ஒரு வருடம் ஓடுகிறது. புரை முற்றுகிறது. ஒரு நாள் வாசற்படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. பிறகு கண்ணுக்கும் செலவு; எலும்புக்கும் செலவு.

இந்தப் பயம் வீண் பயம். அதே சமயம், பயப்பட வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. அங்கே நாம் பயப்படுவது இல்லை! இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது.

ஒலி வேறு, எக்ஸ்ரே வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

எக்ஸ்ரே என்பது ஒரு கதிர். அது உடம்பை ஊடுருவிச் செல்லும். அளவுக்கு மீறினால் உடம்பின் அணுக்களைக் கெடுக்கும். அதனால்தான் எக்ஸ்ரே அறையில் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

கண்ணுக்கு எடுக்கும் இந்த ஸ்கேனில் அந்தக் கதிர் இல்லை. மின்சாரமும் கண்ணுக்குள் போவது இல்லை. போவது ஒலி. வெறும் ஒலி!

ஒலி என்பது அதிர்வு. பறையை அடித்தால் தோல் அதிர்கிறது, காற்று அதிர்கிறது, நம் காது கேட்கிறது. ஒரு வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் மனிதக் காதுக்குக் கேட்கும். கண் ஸ்கேன் கருவியில் இருந்து வருவது ஒரு வினாடிக்குச் சுமார் ஒரு கோடி அதிர்வு! அது நம் காதுக்கு எட்டாது. இருட்டில் வவ்வால் வழி கண்டுபிடித்துப் பறப்பதும் காதுக்குக் கேட்காத ஒலியை வைத்துத்தான்.

வேறு ஒரு சந்தேகமும் சிலருக்கு உண்டு. "ஸ்கேன் சென்டர்களில் சட்டத்தைப் பற்றிப் பலகை வைத்திருக்கிறார்களே! ஆபத்து இல்லை என்றால் சட்டம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டம் 1994ஆம் ஆண்டு வந்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லி, பெண் சிசுவை அழிப்பதைத் தடுக்க வந்தது. மனிதர்கள் செய்த கொடுமைக்காக வந்த சட்டம் அது. ஒலி கெடுதல் செய்தது என்பதற்காக வந்தது அல்ல.

நேற்று வந்த வித்தை அல்ல

1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் முண்ட், ஹியூஸ் என்ற இருவர், கண்ணுக்குள் ஒலியைச் செலுத்தி, உள்ளே இருந்த கட்டியைக் கண்டறிந்ததை உலகுக்குச் சொன்னார்கள். 1958ஆம் ஆண்டு பாம், கிரீன்வுட் என்ற இருவர், ஒலியைக் கொண்டு கண்ணின் உட்புறத்தைப் படமாகவே காட்டினார்கள்.

அதாவது, இந்த வித்தைக்கு எழுபது வயது ஆகப் போகிறது. உலகம் எங்கும் கோடிக்கணக்கான கண்களில் இதைச் செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு என்று வகுத்த அளவில் செலுத்திய ஒலியால் பார்வை போயிற்று என்று நிரூபணமானது இல்லை.

அளவு எடுக்காமல் சட்டை தைக்கலாமா?

சரி, இந்த ஸ்கேன் எதற்கு?

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப் போவது. ஆபரேஷனில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். 1949ஆம் ஆண்டு லண்டனில் ரிட்லி என்ற டாக்டர் முதன் முதலில் இதைச் செய்தார். அதற்கு முன் புரை எடுத்தவர்கள் சோடா பாட்டில் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

எந்தச் சக்தி உள்ள லென்ஸை வைப்பது? ஒருவர் கண்ணைப் போல் மற்றவர் கண் இருப்பது இல்லை. கண்ணின் நீளம் சாதாரணமாக 23, 24 மில்லி மீட்டர் இருக்கும். இதை அளப்பதில் ஒரே ஒரு மில்லி மீட்டர் பிசகினால் போதும். கண்ணாடியின் 'பவர்' இரண்டரைக்கு மேல் தவறிவிடும். ஆபரேஷன் நன்றாக நடந்திருக்கும். ஆனால் பார்வை மங்கலாக இருக்கும்.

தையற்காரர் அளவு எடுக்காமல் சட்டை தைப்பாரா? சட்டை சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கலாம். கண்ணுக்குள் வைத்த லென்ஸைப் பிரித்துத் தைப்பது சுலபமா?

இந்த நீளத்தை அளக்கத்தான் 'ஏ ஸ்கேன்'. கண்ணுக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. முன்னால் புறப்பட்ட ஒலி, பின்சுவரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கருவி பார்க்கிறது. அதைக் கொண்டு நீளத்தைக் கணக்குப் போடுகிறது. சில வினாடிகளில் வேலை முடிந்துவிடும்.

இப்போது ஒளியைக் கொண்டு அளக்கும் கருவியும் வந்திருக்கிறது. அது கண்ணைத் தொடுவதே இல்லை. நல்ல கருவிதான். ஆனால் புரை முற்றிக் கெட்டியாகிவிட்டால் ஒளி உள்ளே போகாது. அப்போது ஒலிதான் கைகொடுக்க வேண்டும். பட்டணத்தில் இருப்பவர் எழுத்து மங்கினாலே டாக்டரிடம் ஓடுகிறார். கரும்பு வயலில் வேலை செய்பவர், கண் முழுக்க வெள்ளை விழுந்த பிறகுதான் போகிறார். ஆகவே, கிராமத்து ஏழைக்குத்தான் இந்த ஒலி ஸ்கேன் அதிகம் வேண்டியிருக்கிறது. பயந்து ஒதுங்குகிறவரும் அவரேதான்!

திரைக்குப் பின்னால் என்ன?

'பி ஸ்கேன்' என்று இன்னொன்று உண்டு. இது அளவு மட்டும் எடுப்பது இல்லை; படம் காட்டும். மூடிய இமையின் மேல் பசை போன்ற ஒரு குழம்பைத் தடவி, கருவியின் முனையை வைத்து எடுப்பார்கள்.

புரை முற்றிவிட்டால் அது திரை போல மறைக்கும். பின்னால் இருக்கும் விழித்திரையை டாக்டர் பார்க்க முடியாது. விழித்திரை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தால், புரையை மட்டும் எடுத்து என்ன பயன்? சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிவது உண்டு. அந்த ரத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதையும் ஒலிதான் காட்ட வேண்டும்.

குழந்தைகள் விஷயம் இதைவிட முக்கியம். சில குழந்தைகளின் கருவிழி நடுவில், வெளிச்சம் படும்போது பூனைக் கண் போல வெள்ளை ஒளி தெரியும். "அழகாய் மின்னுகிறது" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது விழித்திரையில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம். பல குழந்தைகளுக்குக் கண்ணையும் காப்பாற்றலாம். இதைக் கண்டுபிடிக்க உதவுவதும் இதே ஸ்கேன்தான். இதற்குப் பயந்து நாள் கடத்தும் பெற்றோர், பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்பதை உணர வேண்டும்.

ஒலிக்கும் வலிமை உண்டு

"அப்படியானால் ஒலியால் எந்தக் கெடுதலுமே வராதா?" என்று கேட்கலாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டும். வலிமையை ஏற்றினால் ஒலியும் கெடுதல் செய்யும். புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பதே ஒலி அதிர்வைக் கொண்டுதான். 1967ஆம் ஆண்டு அமெரிக்க டாக்டர் கெல்மன் கொண்டுவந்த முறை அது. வினாடிக்குச் சுமார் 40,000 தடவை அதிரும் ஊசி முனை, கெட்டியான புரையைத் தூளாக்கிவிடும்.

உடைக்கவும் ஒலி; பார்க்கவும் ஒலி. எப்படி?

தென்பெண்ணை ஆற்று நீரைக் கையில் அள்ளி முகம் கழுவுகிறோம். அதே ஆறு 2024ஆம் ஆண்டு டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் பெருகி வந்து கடலூர் மாவட்டத்து ஊர்களை மூழ்கடித்தது. இரண்டும் தண்ணீர்தான். வேகமும் அளவும்தான் வேறு.

பார்ப்பதற்கான ஒலி, கையில் அள்ளிய நீர். அதிலும் கண்ணுக்கு என்று தனிக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. உடம்பின் மற்ற பாகங்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட் வரை செலுத்தலாம். கண்ணுக்கோ 50 மில்லிவாட் மட்டும்! பதினாலில் ஒரு பங்கு!

கண்ணுக்கு ஏன் இவ்வளவு குறைவு? ஒலி பட்டால் சிறிது சூடு உண்டாகும. வயிற்றிலும் கையிலும் ரத்தம் ஓடி அந்தச் சூட்டை எடுத்துச் சென்றுவிடும். கண் லென்ஸில் ரத்தக் குழாயே கிடையாது. சூடு அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் கண்ணுக்கு மெல்லிய ஒலியே போதும் என்று விதித்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு கவனம் வேண்டும். கண் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஸ்கேன் கருவி கண்ணுக்காகவே செய்தது. ஆனால் வயிற்றைப் பார்க்கும் பெரிய ஸ்கேன் கருவியைக் கொண்டும் சில இடங்களில் கண்ணைப் பார்க்கிறார்கள். விபத்துக்கு வந்தவர்களை அவசரமாகப் பார்ப்பது போன்ற சமயங்களில் இது நடக்கும். பார்க்கலாம், தவறு இல்லை. ஆனால் கருவியைக் கண்ணுக்கு உரிய அளவுக்கு மாற்றி வைத்த பிறகே பார்க்க வேண்டும். ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் 'டாப்ளர்' முறையில் ஒலியின் வலிமை இன்னும் கூடும். அவசியம் இருந்தால் மட்டும், கொஞ்ச நேரம் மட்டும் போதும்.

எங்கே பயப்பட வேண்டும்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒலியைக் கண்டு நடுங்குகிற நாம், மூன்று விஷயங்களைக் கவனிப்பதே இல்லை.

முதலாவது, சுத்தம்.

'ஏ ஸ்கேன்' எடுக்கும்போது பல இடங்களில் கருவியின் முனை கருவிழியைத் தொடும். ஒருவர் கண்ணைத் தொட்ட முனை அடுத்தவர் கண்ணைத் தொடுவதற்கு முன் சுத்தம் செய்யப்பட வேண்டும். 'மெட்ராஸ் ஐ' என்று நாம் சொல்லும் கண்வலியைப் பரப்பும் கிருமி லேசானது அல்ல. காய்ந்த பொருளின் மேலும் பல நாள் உயிரோடு இருக்கும். கைவழியாகப் பரவும், கருவி வழியாகவும் பரவும்.

கண் சிகிச்சையில் கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு தடவை பார்த்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு, அன்றைய விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் இலவசக் கண் முகாம் நடந்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பெரம்பலூரில் புரை ஆபரேஷன் நடந்தது. 66 பேருக்குப் பார்வை போயிற்று. அது ஸ்கேனால் வந்தது அல்ல. ஆபரேஷனை ஒட்டி வந்தது. கண்ணைத் தொடும் எந்தப் பொருளிலும் அசட்டை கூடாது என்பதற்கு அது என்றும் மறக்க முடியாத பாடம்.

இரண்டாவது, அழுத்தம்.

முனையை அழுத்தி வைத்தால் கண் சற்று நசுங்கும். நீளம் குறைவாகக் காட்டும். லென்ஸ் கணக்கு தவறிவிடும். பழகிய கையாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பல தடவை அளந்து ஒத்துப் பார்க்க வேண்டும். சிறு நீர்க் கிண்ணம் போன்ற ஒன்றை வைத்து, கருவிழியை அழுத்தாமலே அளக்கும் முறையும் இருக்கிறது.

மூன்றாவது, அடிபட்ட கண்.

இது நம் பக்கத்து மக்களுக்கு மிக முக்கியம். கரும்புத் தோகை கண்ணைக் கிழிக்கும். சுத்தியலால் அடிக்கும்போது இரும்புத் துண்டு தெறிக்கும். மாட்டுக் கொம்பு குத்தும். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டால் வெந்துபோகும். அடிபட்டதில் கண் கிழிந்திருந்தால், அதன்மேல் எதையும் வைத்து அழுத்தக் கூடாது. ஸ்கேன் முனையானாலும் அப்படித்தான்; கையானாலும் அப்படித்தான். அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். "கண்ணில் அடிபட்டது. இன்ன பொருள் பட்டது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் விடுவது, பச்சிலை பிழிவது, நாக்கால் தூசி எடுப்பது எல்லாம் கண்ணைக் குழியில் தள்ளும் வேலைகள்.

"முகாமில் நேரம் ஏது?"

"ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேர் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கருவியைக் கழுவிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும்" என்று சிலர் சொல்லலாம்.

இந்த வாதத்தை ஏற்க முடியாது. டீக்கடையில்கூட ஒரு கிளாஸைக் கழுவிய பிறகுதான் அடுத்தவருக்கு டீ ஊற்றுகிறார்கள். கண் என்ன, கிளாஸை விடக் கேவலமா? ஒரு முனை மருந்தில் ஊறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு முனையைப் பயன்படுத்தலாம். கூட்டம் அதிகம் என்றால் முனைகளை அதிகமாக வாங்க வேண்டும். சுத்தத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இலவசமாகச் செய்கிறோம் என்பதற்காக, ஏழையின் கண்ணுக்கு ஒரு நியாயம், பணக்காரர் கண்ணுக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

"படித்த டாக்டருக்குத் தெரியாததா? பாமர ஜனங்கள் கேள்வி கேட்கலாமா?" என்பது இன்னொரு வாதம்.

கேட்கலாம். கேட்க வேண்டும்! நல்ல டாக்டர் கேள்விக்குக் கோபப்படமாட்டார். தலையில் கை வைத்து, "பயப்படாதீங்க அம்மா, ஒலிதான் போகுது, வலிக்காது" என்று இரண்டு வார்த்தை சொன்னால் பாதிப் பயம் பறந்துவிடும். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எந்தக் கருவியும் தேவை இல்லை. சொல்லாமல் விடுவதால்தான் ஊரில் வதந்தி பரவுகிறது. முகாம் நடத்துகிறவர்கள், ஸ்கேன் என்றால் என்ன என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மாட்டினால் எவ்வளவோ நன்மை உண்டாகும்.

நான்கு கேள்விகள்

ஸ்கேனுக்குப் போகும்போது இந்த நான்கையும் பணிவாகக் கேளுங்கள்.

1. "சிஸ்டர், முனையைச் சுத்தம் செய்துவிட்டீர்களா?" ஸ்பிரிட்டில் துடைத்தால் அது நன்றாகக் காய்ந்த பிறகே கண்ணில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் கருவிழி வெந்து எரியும்.

2. "இது கண்ணுக்கு உள்ள கருவிதானே?" பொதுக் கருவி என்றால், கண்ணுக்கு உரிய அளவில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

3. "எதற்காக எடுக்கிறீர்கள், ஐயா?" அளவுக்கா, உள்ளே பார்க்கவா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

4. "அளவுச் சீட்டைக் கொடுப்பீர்களா?" அதைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வேறு டாக்டரிடம் போனாலும் உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கண் சிவந்து பீளை தள்ளினால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் கண்வலி அடுத்தவருக்கு ஒட்டக் கூடாது அல்லவா? 'ஏ ஸ்கேன்' எடுக்குமுன் கண் மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். அது தெளிய கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. மரத்த கண்ணில் நகம் கீறினாலும் தெரியாது. அன்றைக்கு மாலையோ மறுநாளோ வலி, சிவப்பு, கூச்சம் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வழி பக்கத்திலேயே இருக்கிறது

அண்ணாகிராமம் பக்கத்து மக்களுக்குக் கண் வைத்தியம் எட்டாத பொருள் அல்ல. கடலூரில் அரசுத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. கடலூர் - புதுச்சேரிச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2003ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. பார்வை இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. புரை ஆபரேஷன் இலவசமாகவே நடக்கிறது.

எல்லாம் இருந்தும், வீண் வதந்தி ஒன்று குறுக்கே படுத்துக் கொண்டு வழி மறிப்பது பெரிய அநியாயம்.

வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இதைப் படித்துக் காட்டட்டும். ஸ்கேனுக்கு அழைத்துப் போகட்டும். பக்கத்தில் நின்று, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்கட்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? கண் இருக்கும்போதே காட்டுங்கள். ஒலிக்குப் பயப்பட வேண்டாம். அழுக்குக்கும் அசட்டைக்கும் பயப்படுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் கடத்துவதற்குப் பயப்படுங்கள்!